அவர் பார்த்து வைத்த குட்டி

நாய்க்குட்டி வாங்கப் போகிறோம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஊரில் ஒவ்வொருவரும் நாய் டாக்டர் ஆகிவிடுகிறார்கள். நகத்தை எண்ணிப் பார் என்றார் பால்காரர். அண்ணம் கறுப்பாக இருந்தால்தான் வீரம் என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவள் வீட்டில் ஒரு கோழி கூட வளர்ந்ததில்லை. என் தம்பி இன்னும் ஒருபடி மேலே போனான். ஸ்ரீவைகுண்டம் பக்கம் மாடு கன்றோடு இருக்கிறவன் அவன். மாட்டுக்குப் பார்க்கிற மாதிரி குட்டிக்கும் சுழி பார்க்க வேண்டும், நான் வராமல் வாங்கிவிடாதே என்று போனில் சொல்லிவிட்டு, காலையிலேயே பஸ் ஏறி வந்துவிட்டான்.

எனக்கு இருந்த கவலை வேறு. நாயென்றால் அதைக் கூப்பிட ஒரு குரல் வேண்டும். யாருக்காக நாய் வாங்கப் போனோமோ, அவருக்குக் குரல் கிடையாது.

என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டை கோர்ட்டில் டவாலியாக இருந்தவர். தோளில் குறுக்கே பட்டை போட்டுக்கொண்டு, கோர்ட் வாசலில் நின்று வாதி, பிரதிவாதி, சாட்சிகளின் பேரைக் கூப்பிடுகிற வேலை. அவர் கூப்பிட்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் இருக்கிறவன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடி வருவான். வீட்டிலும் அதே குரல்தான். ரசத்துக்கு உப்புக் கேட்டால் தெருவுக்கே தெரிந்துவிடும். "பைய பேசுங்க, நான் என்ன சாட்சிக்கா வந்து நிக்கேன்" என்று கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓய்வு பெற்ற மறு வருஷம் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டு, மூச்சு விடுவதற்குக் கழுத்தின் அடியில் ஒரு துவாரம் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் யாரையும் பைய பேசச் சொல்ல வேண்டி வரவில்லை.

குரல் போனவரை ஊர் செவிடராகவும் ஆக்கிவிடுகிறது. கோர்ட்டில் கூட வேலை பார்த்தவர்கள் பார்க்க வருவார்கள். அவர் காதருகே குனிந்து, "சாப்... பிட்... டீரா வே?" என்று கத்துவார்கள். அவர் சிலேட்டை எடுத்து, 'காது நல்லா கேக்கும்' என்று எழுதிக் காட்டுவார். அதைப் படித்துவிட்டு, "ஓகோ, கேக்குமா" என்று இன்னும் சத்தமாகக் கத்துவார்கள். கொஞ்ச நாளில் அவர் சிலேட்டை அலமாரி மேல் போட்டுவிட்டார். யாராவது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தார். டீக்கடைக்குப் போவது நின்றது. சாயங்காலம் கோவிலுக்குப் போவதும் நின்றது.

நானும் வாயை மூடிக்கொண்டு இருக்கிறவள் இல்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்து, பிள்ளைகளை அதட்டி அதட்டியே சோறு போட்டவள். வீட்டில் நான் ஒருத்தியே பேசி, நானே பதில் சொல்லி, நானே கோபித்துக்கொண்டு, நானே சமாதானமும் ஆகி ஓய்ந்துபோனேன். திருப்பிச் சண்டை போட ஆள் இல்லாமல் போனதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அடுத்த தெருவுக்குக் குடிவந்த பேங்க் அதிகாரி வீட்டு நாய் ஒரு நாள் எங்கள் கேட் இடுக்கில் நுழைந்து வந்தது. நீள உடம்பு, குட்டைக் கால், தொங்கு காது. டாஷ்ஹண்ட் என்பார்கள். நேரே வந்து அவர் நாற்காலிக்கு அடியில் படுத்துக்கொண்டது. அவருக்கு இருமல் வந்தது. துவாரம் வழியாக வரும் அந்த இருமல் தகரத்தை இழுக்கிற மாதிரி கேட்கும். சொந்தக்காரப் பிள்ளைகளே பயந்து அம்மா பின்னால் ஒளிந்துகொள்ளும். நாய் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தது, மறுபடி படுத்துக்கொண்டது. அவர் சிரித்தார். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். ஒரு குட்டி வாங்கிவிடுவது என்று அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டேன்.

டாக்டரிடம் கேட்டோம். சடை நாய் வேண்டவே வேண்டாம், துவாரத்துக்குள் முடி போனால் வம்பு, குட்டை முடி உள்ள சின்ன நாய் என்றால் பரவாயில்லை, ஆனால் கழுத்துத் துணி எந்நேரமும் மூடியிருக்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் அவர் அலமாரி மேல் கிடந்த சிலேட்டைத் தானாகவே எடுத்துத் துடைத்தார். 'அதே சாதி' என்று எழுதினார்.

வண்ணார்பேட்டையில், பஸ் சத்தமும் கடைச் சத்தமும் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போனால் அந்த வீடு. புருஷன் துபாயில் இருக்க, அந்தப் பெண் தனியாக டாஷ்ஹண்ட் வளர்த்துக் குட்டி விற்கிறவள். நாற்பது வயது இருக்கும். வீடு முழுக்க பினாயில் வாசம். தாய் நாய் ஒரு மரப்பெட்டியில் படுத்திருக்க, குட்டிகள் அதன் மேல் ஏறி விழுந்துகொண்டிருந்தன. கறுப்பில் இரண்டு, செம்பழுப்பில் நாலு. அப்போதுதான் நடை பழகியிருந்தன.

தம்பி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒவ்வொன்றாக வாயைத் திறந்து அண்ணம் பார்த்தான், நகம் எண்ணினான், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி முதுகில் சுழி தேடினான். பிறகு ஒன்றைப் பிடரியைப் பிடித்துத் தூக்கினான்.

"கத்தாத குட்டிதாம்க்கா நல்ல குட்டி. கத்துனா பயந்தாங்கொள்ளி."

அந்தப் பெண் ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். "அண்ணாச்சி, இது என்ன கன்னுக்குட்டியா? அடியில கை குடுத்துத் தூக்குங்க. இந்தச் சாதிக்கு முதுகுதான் உசுரு."

"ஏலே, நீ பேசாம இருக்கியா, இல்ல பஸ் ஏத்தி விடவா" என்றேன். அவன் ஓரமாகப் போய் உட்கார்ந்தான். ஆனாலும் கறுப்புக் குட்டி ஒன்றுக்கு ராஜ சுழி இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்.

அந்தப் பெண் எங்களுக்குச் சொன்னாள். கண்ணில் பீளை இருக்கக் கூடாது, காது நாறக் கூடாது, வயிறு மட்டும் உப்பி உடம்பு மெலிந்திருந்தால் பூச்சி. தனியாக மூலையில் ஒடுங்குகிறதும் வேண்டாம், மற்றதையெல்லாம் கடித்து விரட்டுகிறதும் வேண்டாம். "அதெல்லாம் இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இனி ஒங்க கூட எது ஒட்டுதுன்னு பாக்கணும், அவ்வளவுதான். கொஞ்சம் தள்ளி இருந்து கூப்பிட்டுப் பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு அவர் கழுத்துத் துணியைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் பரவாயில்லை என்று கையை ஆட்டினார்.

அவர் கூப்பிடவில்லை. கை தட்டவும் இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, குட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி 'ச்சூ ச்சூ' என்றதும் எல்லாம் அவனிடம் ஓடின, அவர் அசையவில்லை. அந்தப் பெண் கொடுத்த டீ ஆறி ஏடு கட்டிவிட்டது. எனக்குப் பொறுமை போய், "பொண்ணு பாக்கக் கூட இவ்வளவு நேரம் எடுக்கலையே நீங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். இன்னும் கொஞ்ச நேரம் போனது. பிறகு செம்பழுப்பில் ஒன்றைக் காட்டி, அது, என்று விரலை ஆட்டினார்.

அந்தப் பெண் அதை எடுத்து அவர் மடியில் கொடுத்தாள். அவர் உள்ளங்கையை அதன் கழுத்துக்குக் கீழே கொடுத்து ஏந்திக்கொண்டார். "ஏன் இத எடுத்திய? நாலும் ஒண்ணுபோலதானே இருக்கு" என்று கேட்டேன். சிலேட்டில் எழுதினார்: 'வீட்டுக்கு வரட்டும். சொல்லுதேன்.' சொல்லுதேன் என்பதற்கு அடியில் கோடு வேறு. எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. என்னைக் காக்க வைத்துப் பார்ப்பதில் அவருக்கு எப்போதும் ஒரு குஷி. அந்தக் குஷி போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

குட்டி இன்னும் தாய்ப்பால் குடிக்கிறது, ஒரு மாதம் போகட்டும் என்றாள் அந்தப் பெண். மாறிவிடாமல் இருக்க ஒரு சிவப்புக் கயிறு கொண்டுவந்தாள். அதை அவரே கட்டினார். கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவே சுண்டுவிரலை விட்டு, இறுக்காமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

அந்த மாதம் எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி இருந்தது. கேட் இடுக்கில் குட்டி வெளியே போய்விடக் கூடாதென்று கம்பிவலை அடித்தார். மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியை அறுத்து, என் பழைய நூல் சேலையை மடித்துப் போட்டுப் படுக்கை செய்தார். நாயை எப்படிக் கூப்பிடுவது என்பதற்கு ஒத்திகை வேறு நடந்தது. விசில் அடிக்க வாயில் காற்று வர வேண்டுமே, வராது. கை தட்டினால் சீக்கிரம் சோர்ந்துவிடுகிறது. கடைசியில் சைக்கிள் கடையிலிருந்து ரப்பர் குமிழ் வைத்த ஹாரன் ஒன்று வாங்கி வந்து அமுக்கினார். பாம் பாம் என்று கேட்டதும் ஐஸ்காரர் வந்துவிட்டார் என்று தெருப் பிள்ளைகள் எல்லாம் கிண்ணத்தோடு ஓடி வந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டாவது தடவையாக அன்றைக்கு அவர் தோள் குலுங்கிச் சிரித்தார். எங்கள் மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் போன் செய்தால் அவர் காதில் வைத்துக் கேட்பார். பதிலுக்கு நகத்தால் போனைத் தட்டுவார். அவள் குட்டியைப் பற்றிக் கேட்டபோது தட்டு தட்டு என்று தட்டித் தள்ளிவிட்டார். "அம்மா, அப்பாவுக்கு என்ன ஆச்சு, இவ்வளவு பேசுதாரு" என்று அவள் சிரித்தாள். லீவு கிடைத்ததும் வருகிறேன், அப்பாவையும் குட்டியையும் சேர்த்துப் பார்க்கிறேன் என்றாள்.

நடுவில் ஒரு தடவை ஆட்டோ பிடித்து வண்ணார்பேட்டைக்குப் போய் வந்தோம். சிவப்புக் கயிறு கட்டிய குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் போல இருந்தார். நான் போனில் படம் எடுத்தேன். எடுத்துக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் மூச்சு வாங்கியது. சளி என்று நினைத்தோம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, நோய் அங்கேயும் போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். கட்டிலில் கிடந்தபடி கையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துக் காட்டினார். குட்டி எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். "தாய்கிட்ட குடிச்சிட்டுக் கெடக்கு. நீங்க எந்திரிச்சு வந்தா கூட்டிட்டு வரலாம்" என்றேன். தலையை ஆட்டினார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி. பிறகு கேட்க அவரிடம் மூச்சு இல்லை.

அவர் போய்விட்டார். இதை எப்படிச் சுற்றி எழுதினாலும் இதுதான். வாழ்நாள் முழுக்க ஊரையே கூப்பிட்ட மனுஷன் ஒரு சத்தமும் இல்லாமல் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே போனது தெரியவில்லை. கழுத்துத் துணி அசையாமல் இருப்பதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

வண்ணார்பேட்டைப் பெண்ணும் கேள்விப்பட்டு வந்தாள். சொந்தக்காரர்களை விட அதிகமாக அழுதாள். மகள் வந்தாள், கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவளைப் பிரித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டியிருந்தது. லீவு முடிந்ததும் திரும்பிப் போனாள்.

பதினாறு கழிகிற வரை வீடு நிறைய ஆட்கள். அவருடைய அக்கா, என் மதினி, எல்லார் முன்னாலும் ஆரம்பித்தாள். "அந்தக் குட்டியப் பாத்த நேரம் சரியில்ல. தம்பி கயிறு கெட்டுனான், எமன் அவனுக்குக் கயிறு கெட்டிட்டான். அத வீட்டுக்குள்ள கொண்டுட்டு வந்துராத."

எனக்கு அன்றைக்கு இருந்த துக்கத்தில் வாய் சும்மா இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. "மதினி, ஒங்க தம்பி பீடி குடிச்சது முப்பது வருசம். நாய்க்குட்டியப் பாத்தது ரெண்டே நாளு. எமனுக்கு எது கண்ணுல படும்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு அந்தக் குட்டி வேண்டும். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, குரல் வேண்டுமா உயிர் வேண்டுமா என்பது வரை அவருக்கு எல்லாவற்றையும் மற்றவர்கள்தான் முடிவு செய்தார்கள். அவரே பார்த்து, அவரே யோசித்து, அது, என்று கையைக் காட்டியது அந்த ஒன்றைத்தான். அவர் போன பிறகு எனக்கென்று மிச்சம் இருந்தது அந்தக் குட்டி ஒன்றுதான் என்று நினைத்தேன்.

வீடு காலியானதும் அவருடைய துண்டை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் போனேன். குட்டியைச் சுற்றிக் கொண்டுவரத்தான் துண்டு.

கறுப்புக் குட்டிகள் இரண்டும் விலையாகிப் போய்விட்டன. செம்பழுப்பு நாலும் இருந்தன. ஒரு மாதத்தில் என்னமாய் வளர்ந்துவிட்டன. உடம்பு நீண்டு, காது தொங்கி, நாலும் ஒன்றின் மேல் ஒன்று உருண்டு என்னை நோக்கி ஓடி வந்தன. நான் குனிந்து சிவப்புக் கயிற்றைத் தேடினேன். நாலு கழுத்திலும் கறுப்புக் கயிறு கிடந்தது.

"எது?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எதுன்னா? ஒங்களுக்குத் தெரியும்லாக்கா?"

"சிவப்புக் கயிறு எங்க?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "யக்கா, அண்ணாச்சி போய்ட்டாகன்னு போன் வந்ததும் எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போனவுக கையால கெட்டுன கயிறு உசுருள்ள ஒண்ணு கழுத்துல கெடக்கக் கூடாதும்பாக எங்க பக்கம். அந்தக் குட்டிக்கு ஒண்ணு ஆயிட்டுன்னா அண்ணாச்சிக்கு என்ன பதில் சொல்லுவேன்னு, ஒடனே அறுத்து வாய்க்கால்ல விட்டுட்டேன். கண்ணு பட்டிருக்குமோன்னு எல்லாத்துக்கும் கறுப்புக் கயிறு கெட்டிட்டேன். அன்னிக்கு எனக்கு எதுன்னு தெரிஞ்சுதுக்கா. ரெண்டு நாள் தெரிஞ்சுது. பெறகு நாலும் ஒண்ணா வளந்துட்டு. நீங்க வந்து பாத்தா சொல்லிருவியன்னுதான் ஒண்ணையும் யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

திட்ட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். என்னவென்று திட்டுவது? அவர் பார்த்து வைத்த குட்டிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதென்று என்னை விட அதிகமாகப் பயந்தவள் அவள்.

தம்பிக்குப் போன் போட்டேன். அண்ணம், நகம், சுழி எல்லாம் பார்த்தவன் ஆயிற்றே. "நாலுக்கும் கறுப்பு அண்ணந்தாம்க்கா. சுழி கறுப்புக் குட்டிக்குத்தான் இருந்துச்சு, இதுல எதுக்கும் இல்ல" என்றான். "அத்தான் எடுத்தது எதுலே?" என்றேன். "அத நான் பாக்கலையேக்கா. எனக்குப் பிடிச்சத எடுக்கலன்னு கோவத்துல இருந்தேன்" என்றான். அவன் குரல் உடைந்தது. நான் வைத்துவிட்டேன்.

போனில் இருந்த படங்களைப் பார்த்தேன். எத்தனையோ படம். எல்லாவற்றிலும் அவர் இருந்தார். கண்ணோரச் சுருக்கம், சவரம் செய்யாத தாடை, ஒரு பக்கம் கோணிய கழுத்துத் துணி, குனிந்து சிரிக்கும்போது தெரிகிற முன்பல் இடைவெளி. குட்டி என்று பார்த்தால், மடியில் ஒரு பழுப்பு முதுகு. ஒன்றில் பாதிக் காது. மற்றதில் கயிற்றின் நுனி மட்டும். குட்டியைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் அவரைத்தான் எடுத்திருக்கிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோரும் குட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் ஒருத்தி மட்டும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் கழித்து அந்த முகத்தில் வெளிச்சம் வந்திருக்கும்போது நாய்க்குட்டியை யார் பார்ப்பார்கள்?

அவர் உட்கார்ந்த நாற்காலியை அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். பையிலிருந்து துண்டை எடுத்து மடியில் விரித்தேன். அவர் வாசம் இன்னும் அதில் இருந்தது. அதை அறிந்த ஒன்று வரும் என்று நம்பினேன். நாலும் வந்தன. நாலும் துண்டின் நுனியைக் கடித்து இழுத்தன. ஒன்று அதன் மேல் ஏறி மூத்திரம் பெய்தது. குட்டிகள் அப்படித்தான், எந்தத் துண்டைப் போட்டாலும் அதைத்தான் செய்யும். ஒவ்வொன்றாகத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தேன். இதுவா என்று பார்த்தால் இதுதான் என்று தோன்றியது. கீழே விட்டு அடுத்ததைத் தூக்கினால் அதுவும் அப்படியே தோன்றியது. ஏன் இதை எடுத்தார் என்பது தெரிந்திருந்தாலாவது தேடியிருக்கலாம். வீட்டுக்கு வரட்டும் என்றுவிட்டார்.

வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கொற்கைப் பக்கமிருந்து ஒரு குடும்பம், குட்டி பார்க்க வந்திருந்தது. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், இன்றைக்கு இல்லை, பிறகு வாருங்கள் என்று சொல்ல ஆரம்பித்தாள். அவளுக்கும் இது பிழைப்பு. நான் எடுக்காத வரை அவள் ஒன்றையும் விற்க மாட்டாள். திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்து, "நாலையும் கூட்டிட்டுப் போயிருங்கக்கா. எனக்கு வேற என்ன செய்யன்னு தெரியல. அண்ணாச்சிக்குப் பாவம் பண்ணிட்டேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அந்த நேரம் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்த குட்டியை அடியில் கை கொடுத்துத் தூக்கினேன்.

"இதுதான்" என்றேன்.

"நெசமாவாக்கா? எப்படித் தெரியுது?"

"எனக்குத் தெரியும். கண்ணப் பாத்தாலே தெரியுது. நீ அழாத."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து குட்டியின் நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் மூச்சு சீரானதைப் பார்த்தேன். வேனில் வந்தவர்களைக் கூப்பிட ஓடினாள். மற்ற மூன்றும் பெட்டியின் விளிம்பில் காலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தன. நான் திரும்பிப் பார்க்காமல் வாசலுக்கு வந்துவிட்டேன். பஸ்ஸில் மடியில் குட்டியை வைத்துக்கொண்டு பாளையங்கோட்டை வரை அழுதேன். பக்கத்து சீட்டுப் பெண் குட்டிக்கு உடம்பு சரியில்லை போல என்று நினைத்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி சொன்னாள்.

குட்டி வீட்டுக்கு வந்து பழகிவிட்டது. அட்டைப்பெட்டியில் படுக்காது, கட்டிலுக்கு அடியில்தான் படுக்கும். மிளகாய் வத்தல் காயப்போட்டால் கடித்துவிட்டுத் தும்மும். என்னைத் தவிர யார் வந்தாலும் குரைக்கும். மதினி ஒரு நாள் மனசு ஆறி வந்தபோது அவளைப் பார்த்தும் குரைத்தது. நல்ல நாய். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அது தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். சில நாள் இதுதான் என்று அடித்துச் சொல்லுவேன். சில நாள் அவர் காட்டியது அந்த வேனில் கொற்கைக்குப் போய்விட்டது என்று தோன்றும், அன்று முழுக்க வேலை ஓடாது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு மகள் வந்தாள். வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாய் குரைத்தபடி அவளைச் சுற்றியது, மோந்து பார்த்தது, பிறகு அவள் மடியில் ஏறிக்கொண்டது. அவள் அதன் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்பா மடியில வச்சிருந்தது இதத்தானம்மா?"

"ஆமா" என்றேன்.

"அப்பாவே எடுத்ததுதானே?"

"அப்பாவே எடுத்ததுதான். எல்லாத்தையும் பாத்துட்டு இதத்தான் காட்டுனாரு."

அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. "எங்கனம்மா பிடிச்சிருந்தாரு? காட்டு."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கையை எடுத்து, உள்ளங்கையை விரித்து, நாயின் கழுத்துக்குக் கீழே வைத்தேன்.

"இங்கன" என்றேன்.

அங்கிருந்து கையை எடுக்காமல் அவள் வெகுநேரம் அழுதாள்.